பத்து மில்லிமீட்டர் அறை

அவளைத் தெருவில் எல்லோரும் போட்டோக்காரி என்றே சொல்வார்கள். ஆனால் கல்யாணப் படம் எடுக்கவோ குழந்தையைப் படம் பிடிக்கவோ அவளைத் தேடி வந்தால் ஏமாந்துதான் போக வேண்டும். அவள் எடுப்பதெல்லாம் காலி வீடு. ஒரு வீட்டுத் தரகருக்காக, விற்பனைக்கும் வாடகைக்கும் வருகிற வீடுகளை அறை அறையாகப் படம் எடுத்துக் கொடுப்பது அவள் தொழில். காலி வீடு "கண்ணை மூடிட்டேன், இன்னொண்ணு எடு" என்று கேட்காது. "நான் என்ன இவ்வளவு கறுப்பாவா இருக்கேன்?" என்று சண்டைக்கும் வராது. அந்த வகையில் நிம்மதியான பிழைப்பு.

ஒரே ஒரு தொல்லை உண்டு. வீடுகளெல்லாம் சின்ன வீடுகள். அவளிடம் இருந்ததோ கேமராவோடு கூடவே வந்த சாதாரண லென்ஸ். ஒரு சமையலறையை எடுக்க வேண்டுமென்றால் முதுகை எதிர்ச் சுவரில் ஒட்டி, தலையைப் பரணுக்கு அடியில் நுழைத்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு எடுப்பாள். அப்படியும் பாதி அடுப்பும் ஒரு குழாயும் கால்வாசி ஜன்னலும்தான் விழும். குளியலறைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒருமுறை நிறைந்த வாளியின் விளிம்பில் ஏறி நின்று எடுக்கப்போய், வாளியோடு சாய்ந்து, கேமராவை மட்டும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி தொப்பலாக நனைந்து வந்தாள்.

"வீட்டைக் காட்டச் சொன்னா மூலையைக் காட்டறியேம்மா. மூலைக்கு யாரு வாடகை குடுப்பாங்க?" என்பார் தரகர்.

கல்யாணப் படம் எடுக்கிற தெரிந்தவர் ஒருவர் தன்னுடைய பழைய பதினாறு மில்லிமீட்டர் லென்ஸைத் தந்தார். "போட்டுப் பாரு, மண்டபமே உள்ள வந்துடும்" என்றார். அவர் கேமராவில் வந்தது உண்மைதான். அவள் கேமராவில் வரவில்லை. அதனுள் இருக்கும் சென்சார் சின்னது. கிராப் சென்சார் என்பார்கள். லென்ஸ் எவ்வளவு அகலமாகப் பார்த்தாலும் அது ஓரங்களை வெட்டிவிட்டு நடுவை மட்டும் வைத்துக்கொள்ளும். லென்ஸில் எழுதியிருக்கும் எண்ணை ஒன்றரையால் பெருக்கித்தான் அந்தக் கேமராவுக்குக் கணக்குப் பார்க்க வேண்டும். எண் கூடக் கூடப் பார்வை குறுகும்; பதினாறு அதில் ஏறியதும் இருபத்து நாலாகிவிட்டது. இத்தனை வருஷம் தொழில் செய்கிறவளுக்கு இது தெரியாதா என்றால், தெரியும். ஆசை வந்தால் பெருக்கல் கணக்கு மறந்துபோகும், அவ்வளவுதான்.

ஆகவே ஒரு சனிக்கிழமை புருஷனையும் இழுத்துக்கொண்டு லென்ஸ் கடைக்குப் போனாள். புருஷன் எலக்ட்ரீஷியன். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு, எண்ணி எண்ணிப் பேசுகிற வாய். கடைக்குள் நுழைந்ததும் அவன் லென்ஸ் எதையும் பார்க்கவில்லை. அண்ணாந்து விளக்குகளுக்கு ஒயர் எப்படி இழுத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றான்.

கடையை நடத்தியது ஒரு அம்மாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் எதிர்க்கேள்வி கேட்பது அவர் பழக்கம்.

"அக்கா, கிராப் கேமராவுக்கு நல்லா அகலமான லென்ஸ் ஒண்ணு வேணும்."

"யாருக்குக் காட்டப் போறீங்க?"

"தரகருக்கு."

"அவரு வீட்டை நேர்லயே பார்த்திருப்பாரே. படத்தை யாரு பார்ப்பா?"

"வீடு தேடறவங்க."

"பார்த்துட்டு வீட்டுக்குள்ள வந்து நிப்பாங்களா, மாட்டாங்களா?"

போட்டோக்காரிக்குச் சுருக்கென்றது. லென்ஸ் வாங்க வந்தால் குறுக்கு விசாரணையா? "நிப்பாங்கதான்" என்றாள்.

அம்மாள் இரண்டு லென்ஸ்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று பத்தில் ஆரம்பித்து இருபது வரை திருப்பக்கூடியது. இன்னொன்று பதினாலு, பதினாலேதான், அசையாது. பத்தை அவள் கேமராவில் மாட்டி, கடையை அப்படியே ஒரு படம் எடுத்துத் திரையில் காட்டினார். அந்த ஒடுக்கமான கடை ரயில் நிலையம்போல நீண்டு கிடந்தது. ஓரத்தில் அண்ணாந்து நின்ற புருஷனின் தலை பூசணிக்காய் அளவுக்குப் பக்கவாட்டில் இழுபட்டிருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். புருஷன் எட்டிப் பார்த்துவிட்டு, "தலை மட்டும்தானா?" என்றான்.

"நடுவுல நின்னா ஒண்ணும் ஆகாது சார். உள்ளபடி இருப்பீங்க. ஓரத்துல நின்னா இப்படித்தான் இழுத்துடும்" என்றார் அம்மாள். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "பதினாலு இந்த அளவுக்கு இழுக்காது. ஆனா இந்த அளவுக்கு வாரிக்கவும் வாரிக்காது."

"பத்தையே வாங்கிட்டா, வேணும்கறப்போ பதினாலுக்குத் திருப்பிக்கலாமே அக்கா?"

"திருப்பலாம். திருப்பின ஆளை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. பத்து வாங்கினவங்க பத்துலயே நிப்பாங்க. ஒரு வாரம் ரெண்டையும் வெச்சுப் பாருங்க. உங்க வீட்டையே எடுங்க. நல்லாத் தெரிஞ்ச இடத்தை எடுத்தாத்தான் எது எவ்வளவு புளுகுதுன்னு தெரியும்."

அவள் வீட்டில் எடுத்துப் பார்க்கத் தோதாக ஒரு அறை காலியாக இருந்தது. காலியாக இருந்தது என்றால், அன்று காலையில்தான் காலி செய்திருந்தாள். வீட்டின் பின்பக்கத்தில், துணி மடிப்பதற்கும் அவள் கம்ப்யூட்டரில் படங்களைச் சரிசெய்வதற்கும் இருந்த ஒடுக்கமான அறை. ஒரு ஜன்னல் உண்டு. கட்டில் போட்டாயிற்று. கதவைத் திறந்தால் கட்டிலின் காலில் இடிக்கும். எல்லாம் அவள் அப்பாவுக்காக.

அப்பா ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். அம்மா போன பிறகு வேறொரு ஊரில், அதே வாடகை வீட்டில் தனியாக இருந்தார். இப்போது வீட்டுக்காரர் அந்தக் கட்டடத்தை இடிக்கப் போகிறார். தம்பி கப்பலில் வேலை; வருஷத்தில் பாதி நாள் தண்ணீரில். அவன் போனில் பேசி, விசாரித்து, ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பார்த்துவிட்டான். "பெரிய ரூமுக்கா. வெளியே தோட்டம். உன் வீட்டுல அவரை எங்கே வெச்சுக்கப் போறே?" என்று கேட்டான். கேட்டதில் தப்பில்லை, அதுதான் அவளைக் குத்தியது. அப்பா எதையும் முடிவு செய்யவில்லை. பார்க்கலாம், பார்க்கலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அவளுக்கு அப்பா வேண்டும். சின்ன வயதில் பாதி ராத்திரிக்கு டிப்போவிலிருந்து வந்து, தூங்குகிறவளைத் தட்டாமல் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டுப் போகிற அப்பா. கொஞ்ச காலமாவது ஒரே வீட்டில் விழித்திருக்கும் நேரத்தில் அவரோடு இருக்க வேண்டும் என்று அவள் ஏங்கினாள். அந்த ஏக்கத்துக்குக் குறுக்கே ஒரு பழைய சங்கதி கிடந்தது. கல்யாணமான புதிதில் அவர்கள் குடியிருந்தது ஒற்றை அறை. அப்பா பையோடு வந்தார்; ஒரு வாரமாவது தங்குவார் என்று அவள் நம்பியிருந்தாள். உட்கார்ந்தார், எழுந்தார், நாலு பக்கமும் பார்த்தார். "பாப்பா, இதுக்கு என் பஸ்ஸே பெரிசு" என்று சிரித்தார். சாயங்கால வண்டிக்கே கிளம்பிவிட்டார். அவர் விளையாட்டாகச் சொன்னதை அவள் இத்தனை வருஷமாக விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று அவள் இரண்டு லென்ஸ்களையும் மாற்றி மாற்றிப் போட்டு அந்த அறையை எடுத்தாள். பதினாலில் அறை அறையாகவே இருந்தது. கட்டில், ஜன்னல், எதிர்ச் சுவரோரம் கையகலத் தரை. பத்தில் எடுத்ததைப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கட்டிலுக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே ஆள் படுத்துப் புரளலாம். ஜன்னல் எங்கோ தூரத்தில், வெளிச்சத்தோடு நின்றது. இப்படி ஒரு அறை தன் வீட்டில் இருந்திருக்கக் கூடாதா என்று அவளுக்கே ஆசை வந்தது.

அந்த நேரம் பார்த்து அப்பா போன் செய்தார்.

"என்ன பாப்பா பண்றே?"

"புது லென்ஸ் பார்த்துட்டு இருக்கேன்ப்பா. என் கேமரா கிராப்பு, அதுக்குத் தோதா ஒண்ணு தேடறேன்."

"கேமராவுக்குக் கிராப்பா? தலைக்குத்தானே கிராப்பு வெட்டுவாங்க?"

"அதேதாம்ப்பா. ஓரத்தை எல்லாம் வெட்டிட்டு நடுவை மட்டும் வெச்சுக்கும்."

"அட, அப்போ என் தலைதான். ஓரமெல்லாம் நானே வெட்டிட்டேன், நடுவுல எப்பவோ தானா போயிடுச்சு." அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு குரல் மாறியது. "உன் தம்பி அந்த இல்லத்து ரூமைப் படம் அனுப்பியிருக்கான். நல்லாத்தான் இருக்கு. உன் வீட்டுல நான் இருக்கப்போற இடத்தையும் ஒரு படம் அனுப்பேன். பார்ப்போம்."

யாருக்குக் காட்டப் போறீங்க என்று கடைக்கார அம்மாள் கேட்டது அவள் காதில் விழுந்தது. விழுந்ததை அவள் கேட்டுக்கொள்ளவில்லை. பத்தில் எடுத்ததை அனுப்பினாள்.

அப்பா உடனே கூப்பிட்டார். "அடேயப்பா! ரூமா இது, டிப்போ மாதிரியில்ல இருக்கு! நான் வந்துடறேன் பாப்பா. அவன்கிட்ட நானே சொல்லிக்கறேன். அந்த எதிர்ச் சுவர் ஓரமா என் சீட்டைப் போட்டுடலாம், சரியா இருக்கும்."

சீட்டு என்றால் பஸ் சீட்டு. அவர் கடைசியாக ஓடிய பஸ்ஸை உடைத்தபோது மூன்று பேர் உட்காரும் சீட் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, கூடத்தில் போட்டுக்கொண்டார். பச்சை ரெக்சின், இரும்புக் கால், மேலே பிடிக்கக் கம்பி. ஜன்னல் ஓரம் அம்மாவுக்கு. அம்மா போன பிறகும் அவர் அந்த ஓரத்தில் உட்கார்ந்ததில்லை.

"கொண்டு வாங்கப்பா" என்றாள். அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது.

புருஷன் படத்தைப் பார்த்தான். எழுந்துபோய் அளவு நாடாவை எடுத்துவந்து அறையை அளந்தான். "சீட்டு உள்ள போகும். அப்புறம் மாமா உள்ள போக முடியாது" என்றான்.

"ஒருக்களிச்சுப் போயிடலாம்."

"சொல்லிடு. இப்பவே சொல்லிட்டா சிரிச்சுட்டு விட்டுடுவாரு."

"சொன்னா அந்த இல்லத்துக்குப் போயிடுவாருங்க."

அவன் நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டான். இப்படிப் பேசாமல் இருக்கிற ஆளோடு சண்டை போடுவதைப்போலக் கஷ்டம் உலகத்தில் வேறில்லை.

அந்த வாரம் முழுக்க அவள் சொல்லிவிடத்தான் பார்த்தாள். போனைக் கையில் எடுப்பாள். அப்பா அந்தப் பக்கம் குதியாட்டமாக இருப்பார். சாமான்களை யார் யாருக்குக் கொடுத்தார் என்று சொல்வார். சீட்டுக்குப் புது ரெக்சின் போடலாமா என்று கேட்பார். "அப்பா, அந்த ரூமு..." என்று ஆரம்பிப்பாள். "ரூமுக்கென்ன, ராஜா ரூமு" என்பார். அதோடு சரி, பேச்சு வேறு பக்கம் போய்விடும். "நான் வந்து உனக்குக் கூடமாட ஒத்தாசையா இருப்பேன் பாப்பா. கடைக்குப் போறது, கரண்டு பில்லு கட்டறது எல்லாம் என் பொறுப்பு" என்று வேறு ஒருநாள் சொன்னார். "உங்களை யாருப்பா வேலை செய்யச் சொன்னா?" என்று அவள் சிரித்தாள். அவர் பேச்சை ரெக்சினுக்கு மாற்றிவிட்டார்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் ஒரு படம் அனுப்பினார். முடி வெட்டி, முகம் மழித்து, சலவைச் சட்டையோடு பஸ் சீட்டில் உட்கார்ந்திருந்தார். 'கிராப்பு ரெடி' என்று கீழே எழுதியிருந்தது. எதிர் வீட்டுத் தையல்காரர் எடுத்த படமாம். போட்டோக்காரியின் கண் தொழில் பழக்கத்தில் குற்றம் பார்த்தது. இடது பக்கம் சீட் பாதி காலியாகக் கிடக்க, வலது பக்கம் அப்பாவின் முழங்கையோடு படத்தை வெட்டியிருந்தார்கள். துணி வெட்டத் தெரிந்த அளவுக்குப் படம் வெட்டத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சின்ன லோடு வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. பின்னால் பச்சை சீட் கயிறு கட்டிக் கிடந்தது. முன்னால் டிரைவர் பக்கத்தில் அப்பா. அவள் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். அப்பா இறங்கவில்லை. அவளைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் இறங்கவில்லை. டிரைவர் சுற்றி வந்து, சீட்டுக்குப் பின்னாலிருந்து எதையோ உருவி எடுத்து, தரையில் விரித்து வைத்தார்.

நாலு கால் வாக்கர். கைப்பிடியில் சுற்றியிருந்த துணி அழுக்கேறி, பிடித்துப் பிடித்து வழவழத்திருந்தது. புதிதாக வாங்கினதில்லை என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"என்னப்பா இது?"

"ஒண்ணுமில்ல பாப்பா. குளியல் ரூமுல வழுக்கிடுச்சு. அது ஆச்சு கொஞ்ச நாளு." அவர் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இறக்கி, மூச்சு வாங்கி, மறு காலை இறக்கினார். வேகமாக ஓடுகிற பஸ்ஸில், கையில் எதையும் பிடிக்காமல், டிக்கெட் கிழித்துக் கொடுத்தபடி முன்னுக்கும் பின்னுக்கும் நடந்த மனுஷன். அவள் கடைசியாகப் போய்ப் பார்த்து அரை வருஷம் ஆகிவிட்டது. வேலை, வேலை என்று தள்ளிப் போட்டது.

அதற்குள் டிரைவரும் புருஷனுமாகச் சீட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். பின்னறையில் அதை எதிர்ச் சுவரோரம் போட்டார்கள். போட்டதும் அறை முடிந்துவிட்டது. கட்டிலில் உட்கார்ந்தால் முழங்கால் சீட்டில் இடிக்கும்; சீட்டில் உட்கார்ந்தால் கட்டிலில் இடிக்கும். டிரைவர் வெளியே வருவதற்குக் கட்டில்மேல் ஏறித்தான் வர வேண்டியிருந்தது.

அப்பா வாக்கரை நகர்த்தி நகர்த்தி அறை வாசலுக்கு வந்தார். வாக்கரின் முன்னங்கால்கள் உள்ளே போயின. கட்டிலுக்கும் சீட்டுக்கும் நடுவே முட்டி நின்றுவிட்டன. அவர் பின்னால் இழுத்து, கொஞ்சம் திருப்பி, மறுபடி தள்ளிப் பார்த்தார். மறுபடியும் முட்டியது.

டிரைவர் நிலைமை புரிந்து, தண்ணீர்கூடக் கேட்காமல் கிளம்பிப் போய்விட்டார்.

"இதுதானா பாப்பா அந்த ரூமு?"

"ஆமாப்பா."

"படத்துல வேற மாதிரி இருந்துச்சே."

"லென்ஸு பெரிசாக் காட்டிடுச்சுப்பா." சொன்னதும் அவளுக்கே கேட்கப் பொறுக்கவில்லை. "லென்ஸ் இல்லப்பா. நான்தான். எது பெரிசாக் காட்டுதுன்னு பார்த்துதான் அனுப்பினேன். உள்ளபடி அனுப்பினா நீங்க வர மாட்டீங்கன்னு நினைச்சேன். அன்னிக்கு வந்துட்டு, பஸ்ஸே பெரிசுன்னு சொல்லி அன்னிக்கே கிளம்பிட்டீங்க. மறுபடியும் கிளம்பிடுவீங்கன்னு பயந்துட்டேன்." அவள் அழுதுவிட்டாள். நாற்பது வயதில், புருஷன் பார்த்துக்கொண்டிருக்க, மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு அழுதாள்.

அப்பா திகைத்துப்போய் நின்றார். "அன்னிக்கா?" என்றார். "பாப்பா, அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் புதுசா கல்யாணமானவங்க. இருக்கிறது ஒரே ரூமு. நான் அங்க குறட்டை விட்டுட்டு எங்கே படுக்கிறது? நான் கிளம்பும்போதே உங்க அம்மா சொல்லி அனுப்பினா, சாயங்காலமே வந்துடணும்னு. எதையாவது சொல்லிட்டுக் கிளம்பணுமேன்னு வாயில வந்ததைச் சொன்னேன்."

புருஷன் திடீரென்று ஜன்னல் கொக்கியைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினான். அவன் காது சிவந்திருந்தது.

அப்பா வாக்கரின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு, "நீ மட்டும் என்ன பாப்பா, நானும் கிராப் பண்ணித்தானே அனுப்பினேன்" என்றார்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

"தலைக்கில்ல. படத்துக்கு. இது என் முழங்கை பக்கம் நின்னுட்டு இருந்துச்சு. தையல்காரர்தான் போன்ல எப்படி வெட்டறதுன்னு காட்டினாரு. நான்தான் வெட்டச் சொன்னேன்." அவர் அவளைப் பார்க்கவில்லை, கட்டிலைப் பார்த்தபடியே பேசினார். "நீ அவ்வளவு பெரிய ரூமைக் குடுக்கறே. அதுல வந்து இருக்கப்போறவன் நடமாடற ஆளா இருக்கணுமில்ல? தூக்கிவிடு, பிடிச்சுவிடுன்னு ஒரு ஆளு வரான்னு தெரிஞ்சா, தம்பி சொல்ற இடத்துக்கே போங்கப்பான்னு சொல்லிடுவியோன்னு..."

முழுக்கச் சொல்லி முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அவள் அறையை இழுத்து இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறாள். அதே வாரத்தில் அவர் அங்கே உட்கார்ந்துகொண்டு தன்னை வெட்டி வெட்டிச் சின்னதாக்கியிருக்கிறார். ஒத்தாசையாக இருப்பேன், பில்லுக் கட்டுவேன் என்று அவர் சொன்னதெல்லாம் இப்போது அவள் மனதில் வந்து வந்து அறைந்தது. பெற்ற மகள் வீட்டில் ஒரு இடத்துக்கு அவர் விண்ணப்பம் போட்டிருக்கிறார். அதைப் புரிந்துகொள்ளாமல் அவள் சிரித்திருக்கிறாள்.

"அப்பா, நீங்க படுத்த படுக்கையா வந்தாலும் இங்கதான்ப்பா" என்றாள்.

"சரி சரி, படுக்க வெச்சுடாதே. இப்பத்தானே வந்திருக்கேன்."

அப்போதுதான் புருஷன் வாயைத் திறந்தான். "மாமா, ராத்திரி தூங்கறதுக்கு ரூமு. பகல்ல கூடத்துலதானே இருக்கப் போறோம். சீட்டை அங்க போட்டுடலாமா?"

"அங்க சோபா இருக்கே மாப்பிள்ளை?"

"அது உட்கார்ந்தா முதுகு வலிக்கிற சோபா. பார்க்கத்தான் நல்லா இருக்கும். உங்க பொண்ணு படத்தைப் பார்த்து வாங்கினது."

அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவளுக்கும் அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது.

சோபா மாடி வீட்டுக்காரர்களிடம் போயிற்று. சீட்டை அறையிலிருந்து வெளியே எடுப்பது, உள்ளே கொண்டுபோனதைவிடப் பெரிய பாடாக இருந்தது. அவளும் புருஷனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். அப்பா வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்தின் நடுவே நின்றார். குரல் மட்டும் பழைய கண்டக்டர் குரலாக எழும்பியது. "கொஞ்சம் ரிவர்ஸ்... வரலாம், வரலாம்... மாப்பிள்ளை, லெஃப்ட்ல வாங்கு... ஓல்டான்!... இப்போ போ, ரைட் ரைட்!" சீட், ஒரு முனை ஜன்னலை ஒட்டியபடி, போய் உட்கார்ந்தது. பின்னறையில் இப்போது கட்டிலும் தரையும் மட்டும் இருந்தன. வாக்கர் உள்ளே போயிற்று, திரும்பிற்று, வெளியே வந்தது. அப்பா இரண்டு முறை போய்வந்து காட்டினார்.

சாயங்காலம் கப்பலிலிருந்து தம்பி செய்தி அனுப்பினான். 'அப்பா வந்துட்டாரா? எப்படி இருக்கார்? எங்கே இருக்கார்னு ஒரு படம் அனுப்பு.'

அவள் கேமராவை எடுத்தாள். கூடமும் ஒன்றும் பெரிய கூடமில்லை. வாசற்படிக்கு வெளியே போய், நடையின் சுவரில் முதுகை ஒட்டி நின்றால்தான் எல்லாம் அடங்கும். மேஜைமேல் இரண்டு லென்ஸ்களும் கிடந்தன. மறுநாள் ஒன்று கடைக்குத் திரும்ப வேண்டும். அவள் கை யோசிக்காமல் பதினாலை எடுத்தது. தரகர் இன்னும் கொஞ்சம் பெரிசாக் காட்டேன் என்று முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

அப்பா சீட்டில் உட்கார்ந்து, வாக்கரை மடக்கி ஜன்னல் பக்கமாகத் தள்ளி வைத்திருந்தார். அவள் பார்த்தாள். பதினாலிலும் படத்தின் ஓரத்தில் அது கொஞ்சம் இழுபட்டுப் பெரிதாகத் தெரிந்தது.

"அப்பா, அது அங்க இருந்தா பெரிசா விழுதுப்பா. ஓரத்துல இருக்கறதை லென்ஸு இழுத்துடும்."

"எடுத்துடறதா?"

"வேண்டாம். தம்பியும் பார்க்கணும்."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "ஓரத்துல இருந்தாத்தானே இழுக்கும்னு சொன்னே? நடுவுல இருந்தா?"

"உள்ளபடி தெரியும்."

"அப்போ நடுவுல வை."

அவள் உள்ளே போய் வாக்கரை விரித்து, அவருக்கு முன்னால், கூடத்தின் நடுவில் வைத்தாள். அவர் அதன் கைப்பிடிமேல் ஒரு கையைப் போட்டுக்கொண்டார். அவள் திரும்பி வந்து சுவரில் முதுகை ஒட்டினாள். இரண்டு படம் எடுத்தாள். கூடத்தின் இரண்டு ஓரமும் வெட்டுப்பட்டன. வெட்டுப்படட்டும் என்று விட்டுவிட்டாள். அந்த வாக்கர் ஒரு வாக்கரின் அளவுக்கு இருந்தது, அப்பா அப்பாவின் அளவுக்கு இருந்தார்.

மூன்றாவது படத்துக்கு அவள் கண்ணை வைத்தபோது அப்பா நகர்ந்துகொண்டிருந்தார். ஒரு கையைச் சீட்டில் ஊன்றி, மெல்ல மெல்ல ஜன்னல் ஓரத்துக்கு, அம்மாவின் இடத்துக்கு நகர்ந்தார். பிறகு காலியான இடத்தைத் தட்டினார்.

"எவ்வளவு நேரம் பாப்பா படியிலயே நிப்பே?" என்றார். "உள்ள வா, உள்ள வா. இடம் இருக்கு."

அவள் கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றினாள்.